ஏழாம் திருவிழாவும் லண்டன் கோட்டையும்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மனோர் பார்க்கில் ரயில் ஏறினோம், நானும் என் மூத்தவன் கணேசனும். வைட்சப்பலில் மாறினால் இரண்டாவது தரிப்பு டவர் ஹில். வீட்டுக் கதவிலிருந்து லண்டன் கோட்டை வாசலுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. ரயிலுக்கு எனக்குக் காசில்லை, வயதானவர்களுக்குத் தரும் அட்டை இருக்கிறது. கோட்டைக்குள் போகத்தான் ஆளுக்கு முப்பது பவுனுக்குக் கிட்ட.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடத்தில் அவன் என்னை இங்கே கூட்டிவந்ததில்லை. அன்றைக்குக் கூட்டிவந்த காரணம் எனக்குத் தெரியும். இங்குள்ள எங்கள் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம், அன்றைய செலவு எங்களுடையது. தர்ப்பை போட்டு முன்னால் நிற்பவன் பெயரைத்தான் ஐயர் சாமிக்குச் சொல்லுவார். மரியாதைக்குத் தரும் காளாஞ்சித் தட்டும் அவன் கைக்குத்தான் வரும். என் அவர் செத்து வருடம் திரும்பி வந்த முதல் திருவிழாவுக்குக் கணேசன் முழங்கால் ஆபரேசன் செய்து படுத்திருந்தான். "இந்த வருசம் மட்டும் நீ நில்" என்று இளையவன் ரவியை நிறுத்தியது நான். அதன்பிறகு ரவி விலகவில்லை. அடுத்த வருடமே கோயில் வீதியில் ஒருவர் சால்வையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். நாலு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அன்று பின்னேரம் ஆறு மணிக்குள் இந்த முறை யார் பெயர் என்று நான் கோயிலுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு வட்டமான கல் அறைக்குள் நின்றோம். பலகையில் இருந்ததைக் கணேசன் வாசித்துச் சொன்னான்.

"ஆறாம் ஹென்றி எண்ட ராசாவை இதிலதான் கொலை செய்ததெண்டு சொல்லினம். சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கேக்க."

"ஆர் செய்தது?"

"சொந்தக்காரர்தான், அம்மா. ஆருக்கு முடி எண்டு அடிபட்டவை."

"கும்பிடுற இடத்திலயோ?"

"ஓம்" என்றான். அவனுக்குக் கோயில் வீதி நினைவு வரவில்லை.

அடுத்த கட்டடத்துக்குப் படி ஏற எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. நாலாம் எட்வர்ட் ராசா செத்தபின் அவருடைய இரண்டு பெடியன்களை வைத்திருந்த இடமாம். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு ஒன்பது.

"பெடியன் வளருமட்டும் சித்தப்பனைப் பாக்கச் சொன்னது. அவர் தானே முடியைப் போட்டிட்டார். பெடியளை ஒருத்தரும் பிறகு காணேல்லை" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "கொஞ்சக் காலத்துக்கெண்டு குடுக்கிறது திரும்பி வராது, அம்மா."

"உனக்கு அறுபத்திரண்டு வயது, மோனை. உன்னை ஆரும் பூட்டி வைக்கேல்லை."

அவன் சிரிக்கவில்லை. "அந்தச் சின்னப் பெடியனைத் தாய்தான் குடுத்தவ. கோயிலுக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்திட்டு, பிறகு தன்ர கையாலயே சித்தப்பனிட்டக் குடுத்தவ."

அந்தத் தாயைத்தான் படி முழுக்க நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு மணிக்கு ரவியின் போன் வந்தது. எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

"அண்ணை உங்களைக் கோட்டைக்கோ கொண்டுபோனவர்? போன கிழமை நான் பூந்தோட்டம் பாக்கக் கூப்பிட ஏலாதெண்டனீங்கள்."

"போன கிழமை கால் வீக்கம்."

"ஆறு மணியை மறந்திடாதேங்கோ, அம்மா."

கால் எப்படி என்று கேட்கவில்லை. கூடவே நடந்தவனும் கேட்கவில்லை.

வெளிப் புல்லில் பெரிய அண்டங்காகங்கள். அவை பறந்துபோனால் ராச்சியம் விழுந்துவிடுமாம். அதனால் இறகைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். கணேசன் தேத்தண்ணி வாங்கப் போனான். திரும்பி வரும்போது நான் கோயில் செயலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஏழாம் திருவிழா எங்களுக்கு இனி வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கிற ஆருக்காவது குடுங்கோ."

"பிள்ளையளின்ர ஐயா தொடக்கின நாளெல்லோ, அம்மா? அவையைக் கேட்டனீங்களோ?"

"குடுத்தது நான். எடுக்கிறதும் நான்தான்."

கணேசன் தேத்தண்ணியை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு நின்றான். நான் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

மூன்றரைக்குத் திரும்பினோம். ரயிலில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் எதிரில் போய் இருந்தான். வைட்சப்பல் மேடையில் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"தம்பி," என்றான், "அம்மா செய்த வேலை தெரியுமோ?"

நாலு வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்தச் சொல் வந்தது. மனோர் பார்க் வரும்வரை இருவரும் கதைத்தார்கள். இன்றைக்கும் கதைக்கிறார்கள். என்னோடுதான் இருவருக்கும் பேச்சில்லை.