கடைசி முப்பது கஜம்

“ரொஹானா மேல ஃபோகஸ் கரெக்டா இருந்துச்சுல்ல?” என்று டைரக்டர் கேட்டார்.

“இருந்துச்சு சார்” என்றேன்.

முப்பத்தைந்து வருடம் கேமரா பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். அதில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். அதை அரை மணி நேரம்கூட என்னால் சுமக்க முடியவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும், இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. ஆள் பிடிக்கும் வேலை

மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம். சிங்கப்பூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் நான் கேமரா அசிஸ்டெண்ட். அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு மலாய் காதல் படம். டைரக்டரும் கேமராமேன் நாயுடு அண்ணனும் மதராஸிலிருந்து வந்தவர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். டைரக்டருக்கு மலாய் அரைகுறை. செட்டில் அவர் தமிழில் சொல்வதை மலாயில் மாற்றிச் சொல்வதும் என் தலையில்தான் விழும்.

கதை எளிமையானது. கதாநாயகன் ஜொகூர் அணியில் தடை ஓட்டக்காரன். கதாநாயகி மலாக்கா அணியில் நூறு கஜம் ஓடுகிறவள். ஒரு விளையாட்டுப் போட்டியில் இருவரும் சந்திக்கிறார்கள். அவள் ஓடி ஜெயிப்பதைப் பார்த்து அவன் மனதைப் பறிகொடுக்கிறான். சின்ன கம்பெனி என்பதால் பார்வையாளர் கூட்டத்துக்கு ஆட்களைத் திரட்ட வழியில்லை. அதனால் நிஜமாகவே நடக்கிற ஒரு போட்டிக்குப் போய், அங்கே இருக்கும் கூட்டத்தோடு எடுத்துவிடுவது என்று டைரக்டர் முடிவு செய்தார்.

“மணியம், உன் ஊர்ல அப்படி ஏதும் நடக்குதா?” என்று கேட்டார்.

என் வீடு மலாக்காவில், காஜா பேராங்கில். அங்கே பாடாங்கில், அதாவது ஊர்த் திடலில், அந்த மாதம் ஓட்டப்பந்தயங்கள் நடக்க இருந்தன. போட்டிச் செயலாளர் ஒரு சீன ஆசிரியர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க அவர் எங்களுக்குச் சொன்னது இதுதான்: மதிய இடைவேளையில் பத்து நிமிடம் தருவேன். பதினோராவது நிமிடம் கேட்கக் கூடாது.

பத்து நிமிடத்தில் ஒரே ஒரு ஓட்டம்தான் எடுக்க முடியும். கதாநாயகி ரொஹானாவோடு ஓட ஐந்து பெண்கள் வேண்டும். அவர்களைக் கூட்டி வரும் வேலையை டைரக்டர் என்னிடம் விட்டார். நான் நேராகப் போய்க் கேட்டது சரஸ்வதியை. எங்கள் தெருப் பெண். பத்தொன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியை. வெறுங்காலில்தான் ஓடுவாள். போட்டி அன்று காலையில் பெண்களுக்கான நூறு கஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள். அவள் வந்தால் மற்ற நால்வரும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

“ஓடுறேன் அண்ணே. ஆனா தோக்கணும்னு சொல்றீங்களே” என்றாள்.

“படம்தானே சரசு. ரொஹானாதான் கதாநாயகி. அவங்க ஜெயிக்கணும்.”

“காலையில நான் ஜெயிச்சத இந்த சனங்கதான் பாத்தாங்க. மத்தியானம் இவங்க முன்னாடியே தோக்கணுமா? எங்கப்பா அங்க கயித்துக்கிட்ட நிக்கிறாரு. படம்னு அவருக்கு யாரு சொல்றது?”

ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு, “சரி, உங்களுக்காக” என்றாள்.

2. என் கை போன வழி

ஃபோகஸ் பார்ப்பது எப்படி என்று இங்கே சொல்லியாக வேண்டும். அன்று எங்களிடம் இருந்தது பழைய கேமரா. கேமராமேன் பார்ப்பது பக்கத்தில் மாட்டியிருக்கும் தனிக் கண்ணாடி வழியாக. அதில் ஃப்ரேம் தெரியும். ஃபோகஸ் தெரியாது. ஃபோகஸ் முழுக்க அசிஸ்டெண்ட் கையில். லென்சிலிருந்து நடிகர் எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, தரையில் அடையாளம் போட்டு, அவர் ஒவ்வொரு அடையாளத்தையும் தாண்டும்போது லென்ஸ் வளையத்தை அதற்கேற்பத் திருப்ப வேண்டும். சரியாகச் செய்தோமா என்பது ஃபிலிமை லேபில் கழுவி, ரஷ் எனப்படும் முதல் பிரதியைப் போட்டுப் பார்க்கும்வரை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

முடிவுக் கோட்டுக்கு அப்பால், ஓடி வருகிறவர்களுக்கு நேர் எதிரே கேமராவை வைத்தோம். ஆறு அங்குல லென்ஸ். தூரத்தில் இருப்பவரை அருகில் இழுத்துக் காட்டும். ஆனால் ஒருவர் மேல் ஃபோகஸ் இருந்தால் அவருக்கு இரண்டு கஜம் முன்னால் வருகிறவர் கலங்கிப்போவார். ரொஹானா ஓட வேண்டிய பாதையின் ஓரத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன்.

ஒலிபெருக்கியில் மலாயிலும் தமிழிலும் அறிவித்தார்கள். இது சினிமாவுக்காக, ஜெயிக்கப் போவது நடிகை, எல்லாரும் கைதட்டுங்கள் என்றார்கள். கூட்டம் கைதட்டவும் செய்தது. துப்பாக்கி வெடித்தது.

அறுபது கஜம்வரை எல்லாம் டைரக்டர் சொன்னபடியே நடந்தது. சரஸ்வதி பல்லைக் கடித்துக்கொண்டு ரொஹானாவுக்கு அரை அடி பின்னால் வந்தாள். அப்போது கயிற்றோரத்திலிருந்து யாரோ, “சரசு, என்னாச்சு? ஓடு!” என்று கத்தினார்கள். உடனே அந்தப் பக்கம் முழுக்க “சரசு! சரசு!” என்று எழுந்தது. அறிவிப்பு எல்லாம் காற்றில் போய்விட்டது. அவள் தலையை ஒரு முறை ஆட்டினாள். அப்புறம் பறந்தாள்.

மூன்று கஜ வித்தியாசத்தில், முடிவுக் கோட்டில் கட்டியிருந்த டேப்பை சரஸ்வதி அறுத்தாள்.

“கட்!” என்று கத்திய டைரக்டர் தன் தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடித்தார். எங்கள் பத்து நிமிடம் முடிந்திருந்தது. செயலாளர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நாங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனோம்.

சரஸ்வதி மூச்சு வாங்கியபடி நேரே டைரக்டரிடம் வந்து நின்றாள். “தோக்கறேன்னு சொன்னேன் சார். தோக்கல. கால் கேக்கல. தப்பு என்னோடதுதான், அந்த அக்காவ ஏசாதீங்க” என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் குரல் உடையவில்லை.

டைரக்டர் அவளைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு நாயுடு அண்ணனிடம், “டேப்பைத் தொடறதுக்கு முன்னாடியே கட் பண்ணிடலாம். ரொஹானா முகம் ஷார்ப்பா இருக்கும், முன்னால போற பொண்ணு வெறும் புகை மாதிரிதான் தெரிவா. டேப் அறுபடறத நாளைக்கு ரொஹானாவ மட்டும் வச்சு கிட்டத்துல எடுத்துக்கலாம். தப்பிச்சோம்” என்றார்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

உண்மை என்னவென்றால், “சரசு” என்ற சத்தம் எழுந்ததும் என் கண் புள்ளிகளை விட்டுச் சரஸ்வதியின் பாதங்களுக்குப் போய்விட்டது. என் தெருப் பெண் ஜெயிக்கிறாள். கண் போன வழியில் கை போனது. கடைசி முப்பது கஜமும் வளையத்தைச் சரஸ்வதிக்காகத்தான் திருப்பிக்கொண்டு வந்தேன். டைரக்டர் நம்பியிருந்த முகம்தான் அந்த ஃபிலிமில் புகையாக இருந்தது.

3. மரத்தடியில்

கேமராவிலிருந்து ஃபிலிம் சுருள் பெட்டியான மேகசினைக் கழற்றி, கறுப்புத் துணிப்பைக்குள் கைகளை விட்டு, ஓடிய ஃபிலிமை டப்பாவில் மாற்றினேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். டேப் இரண்டு முறை கோணலாக ஒட்டியது. பத்தடி தள்ளி சரஸ்வதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் தன் தப்பைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது பேசாமல் இருந்தால் ஒரு வாரம் கழித்து ரஷ் பேசும். அன்றைக்குக் கூட்டமும் இருக்காது, போட்டியும் இருக்காது. இப்போது சொன்னால் பாடாங்கில் இன்னும் மூன்று மணி நேரம் சனம் இருக்கும்.

நாயுடு அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, ரொஹானா ஷார்ப்பா இருக்க மாட்டாங்க.”

அவர் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. “எவ்வளவு தூரம் விட்டே?”

“கடைசி முப்பது கஜம்.”

“யாரு மேல இருக்கு?”

“சரஸ்வதி மேல.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயே போய் சொல்லு. நான் சொன்னா, கேமராமேன் தம் பசங்கள காட்டிக்குடுக்கறான்னு ஆகிடும். நீ சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன்.”

சொன்னபடி நின்றார். நான் சொல்லி முடித்ததும் டைரக்டரின் முகம் சிவந்துவிட்டது.

“இப்ப வந்து சொல்றியே!” என்று கத்தினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாடாங்கைப் பார்த்தார். கூட்டம் அப்படியே இருந்தது. குரல் இறங்கியது. “இப்பவாவது சொன்னியே” என்றார்.

என்னையே அழைத்துக்கொண்டு செயலாளரிடம் போனார். நான் மலாயில் கேட்டேன். பிழை என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மனிதர் ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரிலே ஓட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் என் பிள்ளைகள் உங்கள் கேமராவை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள்” என்றார்.

இடம் கிடைத்தது. ஆனால் சரஸ்வதி எழுந்து, “மறுபடியும் தோக்கச் சொன்னா என்னால முடியாது அண்ணே. இன்னொரு தடவ ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல. வேற யாரையாச்சும் ஓடச் சொல்லுங்க” என்றாள். அவள் ஓடாவிட்டால் நாங்களும் ஓட மாட்டோம் என்று மற்ற நால்வரும் அவள் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

அதுவரை நிழலில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த ரொஹானா, என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“உங்கள் டைரக்டரிடம் கேளுங்கள். நான் ஓடுகிற லட்சணத்தை ஊரே பார்த்துவிட்டது. நான் ஜெயித்ததாகக் காட்டினால் மலாக்காவில் யார் நம்புவார்கள்? என்னைத் தோற்க விடுங்கள். தோற்றுப்போய் நிற்கிற பெண்ணிடம் ஒருவன் வந்து பேசினால்தானே அது காதல்?”

நான் வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன். டைரக்டர் கையிலிருந்த வசனத் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு கதாநாயகனைக் கூப்பிட்டு, என்னை மலாயில் மாற்றிச் சொல்ல வைத்தார்.

“நீ கயித்துக்கு வெளிய நில்லு. ரொஹானா கோட்டத் தாண்டி வந்து நின்னதும் கயித்தத் தூக்கிட்டு உள்ள வா. ஒண்ணும் பேசாத. உன் துண்ட மட்டும் குடு.”

சரஸ்வதியிடம் வந்தார். “அம்மா, நீ உன் இஷ்டத்துக்கு ஓடு.”

அவள் முகம் மலர்ந்ததை அன்று கேமராவில் எடுத்திருக்க வேண்டும்.

4. ஐந்து நிமிடம்

ஃபிலிம் மாற்றி, மறுபடியும் அளந்து, அடையாளங்களைப் புதுப்பித்தேன். நாயுடு அண்ணன் என் காதருகே, “முன்னால போறவள பாக்காத. ரொஹானா நெஞ்சுல நம்பர் இருக்குல்ல, அத மட்டும் பாரு. ஊரே கத்தினாலும் அது உன் வேலையில்ல” என்றார்.

ஒலிபெருக்கியில், இந்த முறை யார் ஜெயித்தாலும் சரி என்று அறிவித்தார்கள். கூட்டம் சிரித்தது. துப்பாக்கி வெடித்தது.

நான் ரொஹானாவின் நெஞ்சில் இருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தேன். அதற்குக் கீழே சுண்ணாம்புப் புள்ளிகளைப் பார்த்தேன். எண்பது அடி. அறுபத்தைந்து அடி. “சரசு! சரசு!” என்று திடல் அதிர்ந்தது. என் கை அதன் வேலையைச் செய்தது. ஏழாம் எண் கோட்டைத் தாண்டி, தள்ளாடி, நான் கடைசியாக அளந்து வைத்திருந்த புள்ளியில் வந்து நின்றது. ரொஹானா முழங்கால்களில் கையூன்றிக் குனிந்தார். ஒரு துண்டு ஃப்ரேமுக்குள் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கட்!”

நான் வளையத்திலிருந்து கையை எடுத்தேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

“அண்ணே, யாரு ஜெயிச்சா?” என்று கேட்டேன்.

நாயுடு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “நெசமாவே பாக்கலியா? உன் ஊர்க்காரிதான்டா.”

அதற்குள் ரிலே ஓட்டக்காரர்கள் பாதைக்கு வந்துவிட்டார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

5. ரஷ்

சிங்கப்பூர் திரும்பி எட்டு நாள் கழித்து ரஷ் பார்த்தோம். சோறு இறங்காத எட்டு நாட்கள் அவை. முதலில் மதிய ஓட்டம் திரையில் வந்தது. நான் சொன்னது போலவே சரஸ்வதி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாள், ரொஹானா புகை. அடுத்து இரண்டாவது. ரொஹானாவின் நெற்றி வியர்வைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கோட்டைத் தாண்டி அவர் நின்று நிமிரும்வரை ஒரு ஃப்ரேம்கூடக் கலங்கவில்லை.

டைரக்டர் இருட்டில் கையை நீட்டி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை காப்பி வாங்கிக் குடித்தேன். பசி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படம் சுமாராக ஓடியது. அந்தத் துண்டு கொடுக்கும் இடத்துக்கு மட்டும் எல்லா ஊரிலும் விசில் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்தக் காலத்தில் கேமராவிலேயே உடனே பார்த்துக்கொள்ள முடிகிறது. அதனால் பிழையே வராது என்று நினைக்காதீர்கள். வரும். நம் ஒருவருக்கு மட்டும் தெரிந்த பிழை எந்த வேலையிலும் உண்டு. அப்படி ஒன்று நடந்தால், அதைத் திருத்தக்கூடிய இடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். திட்டு விழும். எனக்கும் விழுந்தது. ஆனால் கூட்டம் கலைவதற்கு முன்னால் சொன்னதால் எனக்கு இன்னொரு ஓட்டம் கிடைத்தது.