டென்சில் நீட்டிய துப்பாக்கி

டென்சில் கோகருக்குக் கட்சி கிடையாது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் தலைவர். ஒரே வாக்குச்சீட்டில் போலீஸ் தலைவரான ஷெரீஃபுக்கு ஜனநாயகக் கட்சி, சட்டசபைக்குக் குடியரசுக் கட்சி என்று போட்டுவிட்டு வந்து, இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுகிற மனுஷன்.

"துப்பாக்கி உரிமையைக் காப்பாத்துவேன்னு எல்லாப் பயலும்தான் மேடையில கத்துறான். அதைக் கையில வாங்கத் தெரியுதான்னு நான் பார்க்க வேணாமா?" என்பார்.

பார்ப்பதற்கென்று ஒரு நாள் இருந்தது. தேர்தலுக்கு முன்னால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மான்கறி விருந்து. எந்தக் கட்சி வேட்பாளரானாலும் வந்தே தீரவேண்டும். சாப்பாடு முடிந்ததும் டென்சில் தன் அப்பாவின் பழைய துப்பாக்கியை எடுத்து, காலிதான் என்று பார்த்து மூடி, ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். வாங்குகிறவர் போல்ட் என்கிற தாழ்ப்பாளை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று தன் கண்ணால் பார்க்கவேண்டும். கொடுத்தது பெற்ற அப்பனாக இருந்தாலும் பார்க்கவேண்டும். பார்க்காதவருக்கு ஆப்பிள் பை பலகாரம் இன்னொரு துண்டு கிடைக்கும், ஓட்டு கிடைக்காது. பாதிக் கூடம் டென்சிலின் புருவத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடும்.

அந்த வருஷம் சட்டசபைக்கு நின்றது அவருடைய தம்பி ஆர்லி. அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது டிராக்டர் டயர் கடைக்காரன், குடியரசுக் கட்சி. எதிரே ஜனநாயகக் கட்சியில் நர்ஸ் ட்வைலா ஹாம்ரிக். துப்பாக்கிச் சட்டத்தில் கைவைக்க விடமாட்டேன் என்று இருவருமே அடித்துச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது விருந்து மட்டும்தான்.

ட்வைலா வாங்கினாள், போல்ட்டை இழுத்தாள், உள்ளே பார்த்தாள், சுண்டுவிரலை விட்டும் தடவினாள்.

ஆர்லி வாங்கினான். திறக்கவே இல்லை. அப்படியே தோளில் சாத்திக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தான்.

கூடமே டென்சிலின் புருவத்தைத் திரும்பிப் பார்த்தது. டென்சில் ஆப்பிள் பையில் இன்னொரு துண்டு வெட்டித் தம்பியின் தட்டில் வைத்தார். ஆர்லி ஒன்றும் புரியாமல் விழித்தான்.

வெளியே லாரிக்குப் பக்கத்தில் டென்சில் அவனைப் பிடித்தார். "ஏன்டா திறந்து பார்க்கல?"

"நீ குடுத்ததாச்சேண்ணே! நீ குடுத்ததை நான் என்னைக்குத் திறந்து பார்த்தேன்?"

அதுதான் டென்சிலை அடித்துப்போட்டது. ஊரையே சோதித்தவர் இதைக் கவனித்ததே இல்லை. வேட்டைக்குப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தம்பியிடம் துப்பாக்கியை நீட்டிவிட்டுத்தான் அவர் கம்பியைத் தாண்டுவார். தாண்டுகிறவன் கண் கம்பியில்தானே இருக்கும், வாங்கினவன் கையிலா இருக்கும்?

"எனக்கு ஓட்டு இல்லைங்கிற, அப்படித்தானே?"

"இல்லைடா தம்பி. உனக்குப் போட்டா, இத்தனை வருஷமா நான் ஊரை ஏமாத்துனதா ஆயிடும்."

"சரி. மான் வேட்டை சீசனுக்கு வேற ஆளைப் பார்த்துக்கோ." லாரிக் கதவை ஆர்லி அறைந்து சாத்தினான்.

டென்சில் ட்வைலாவுக்குப் போட்டார். ஆர்லி சொற்ப ஓட்டில் தோற்றான்.

"நேர்மையை வச்சு மான் தூக்க முடியுமான்னு பாருங்க," என்றாள் மனைவி நெட்ரா. சொல்லிவிட்டு, சீசன் முதல் நாள் காலையில் கறி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டியை இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்தாள். சிறு வயதிலிருந்து அந்த ஒரு காலையை அண்ணன் தம்பி இருவரும் தவறவிட்டதில்லை. இந்தத் தடவை தனியாகத்தான் என்று டென்சில் மனதைத் தேற்றிக்கொண்டு மலை ஏறினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டையில் ஆர்லி நின்றுகொண்டிருந்தான்.

டென்சில் வேலியோரம் போய் நின்றார். துப்பாக்கியைக் கம்பிக்கு மேலே நீட்டினார். ஆர்லி வாங்கி, போல்ட்டை இழுத்து உள்ளே பார்த்தான். சுண்டுவிரலையும் விட்டுத் தடவினான்.

"என்னடா, நான் குடுத்ததையா?"

"ஆமா. கூடப் பொறந்தவனுக்கே ஓட்டுப் போடாத ஆளு. உன்னை எப்படி நம்புறது?"

டென்சில் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சரிவில் இருந்த மானெல்லாம் ஓடியிருக்கும். கண்ணும் நிறைந்துவிட்டது.

ஆர்லி துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினான். "கம்பி வழுக்கும். பிடிச்சுக்கண்ணே."