தட்டைக்கு அடியில் ஆறு பவுன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் கொள்ளைக்காரர்கள் என்று நான் ஒரு பகல் முழுக்க நம்பினேன். சும்மா ஒப்புக்கு நம்பவில்லை. கார் ஓட்டிக்கொண்டே குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொள்ளும் அளவுக்கு நம்பினேன். நேர்ந்துகொள்ளும்படி என் தலையில் அப்போதே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்து ஐந்தையொட்டிய ஒரு கோடைக்காலம். நான் மியூனிக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓட்டி அலுத்த ஒரு சின்னச் சிவப்புக் காரை வாங்கியிருந்தேன். காலையில் மியூனிக்கில் கிளம்பினால் ஆஸ்திரியாவைத் தாண்டி இத்தாலியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். மகள் தன் தோழி வீட்டில் தங்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் கல்யாண நாளாகவும் அமைந்துவிட்டது. இத்தாலியின் சின்னச் சின்ன ஊர்களைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நானும் மனைவியும் கிளம்பினோம்.

முந்தின நாள் அலுவலக கேன்டீனில் நம்மூர் நண்பர் ஒருவர் என் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார். "இத்தாலியா சார்? மேடம் நகை எதுவும் போட்டுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவனுங்க மூஞ்சியப் பார்த்தே லாக்கர் சாவி எங்க இருக்குன்னு சொல்லிடுவானுங்க." இதைச் சொன்னவர் இத்தாலிப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

பிரென்னர் கணவாய்க்குச் சற்று முன்னால் காபிக்கு நிறுத்தியபோதுதான் மனைவியின் கையைக் கவனித்தேன். நான்கு தங்க வளையல்கள். கல்யாணத்தன்று அவள் அம்மா போட்டவை, ஆறு பவுன்.

"கழட்டு" என்றேன்.

"எதுக்குங்க?"

"இத்தாலி வருது."

"வந்தா வரட்டும். மழையா வருது, குடையை விரிக்க?"

கேன்டீன் நண்பரின் எச்சரிக்கையை இன்னும் இரண்டு திருடர்களைச் சேர்த்து அவளுக்குச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, கழிப்பறைக்குப் போய் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தாள். "வளையலுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆச்சு, அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க. தாலி மேல கண்ணு போச்சுன்னா இங்கேயே பஸ் ஏறிடுவேன்" என்றாள். மாமியாரிடம் பேசுவதைவிட இத்தாலியத் திருடனிடம் பேசுவது எனக்கு எளிது.

வளையலை எங்கே வைப்பது? காரில் வைத்தால் கண்ணாடியை உடைப்பார்கள். பையில் வைத்தால் பையையே பிடுங்குவார்கள். திருடன் தொடவே தொடாத பொருள் எது என்று யோசித்தேன். பின்சீட்டில் எவர்சில்வர் சம்படம் இருந்தது. அதில் அவள் முந்தின நாள் சுட்ட தட்டை. ஐரோப்பாவில் எந்தத் திருடனும் தட்டைக்கு ஆசைப்படப் போவதில்லை. அவள் காபிக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போன நேரத்தில், வளையல்களைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி அடியில் வைத்து, மேலே தட்டைகளை அடுக்கி மூடினேன். எங்கே வைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தெரியாதவளை மிரட்டினால் ஒன்றும் வெளியே வராது அல்லவா? அந்த நேரத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் ஊர் ஸ்டெர்ட்சிங். இத்தாலி என்று நம்பி வந்தால் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாரும் ஜெர்மன் பேசினார்கள். பலகையிலும் ஊருக்கு இரண்டு பெயர். அந்த மலைப்பகுதியே அப்படித்தான் என்பது மனைவிக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ அதுவே முதல் சந்தேகம். ஒரு ஊருக்கு எதற்கு இரண்டு பெயர்?

அங்கேதான் அந்தப் பச்சைக் காரைப் பார்த்தேன். நீளமான பழைய கார். முன் சக்கரத்தில் மூடி இல்லை. அதிலிருந்து இறங்கியவர் இறகு சொருகிய தொப்பி வைத்திருந்தார். கூடவே வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மனைவியும் தலையசைத்தாள். நான் அசைக்கவில்லை.

அடுத்த ஊர் பிரிக்சன். பேராலயத்துக்கு முன்னால் நின்று மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார். அதே தொப்பி. எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கையை நீட்டிக் கேட்டார். "நைன், நைன்" என்று கேமராவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன். என் ஜெர்மன் அவ்வளவுதான். ரொட்டி வாங்கவும் மறுக்கவும் போதும்.

"ஏங்க, பாவம், உதவிதானே கேட்டார்" என்றாள் மனைவி.

"காலையில அந்த ஊரு, இப்ப இந்த ஊரு. நாம போற இடமெல்லாம் வர்றாங்க."

"அவங்களுக்கும் நாமதான் போற இடமெல்லாம் வர்றோம்."

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோதும் பிடிக்கவில்லை. காரின் நம்பர் பலகை ஜெர்மனியைச் சேர்ந்தது என்று அவள் எடுத்துச் சொன்னாள். திருடினதாக இருக்கும் என்றேன்.

மூன்றாவது ஊர் கிளாவ்சன். ஆற்றங்கரையில் குறுகலான ஒரே தெரு, பாறையின் உச்சியில் ஒரு மடம். இவ்வளவு அழகான ஊரில் நான் என்ன பார்த்தேன்? வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டதும், மனைவியைச் சாப்பாட்டுப் பையோடு ஆற்றோர பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பச்சைக் கார் வந்திருக்கிறதா என்று வேவு பார்க்கப் போனேன். வந்திருந்தது. என் சிவப்புக் காரை ஒட்டி, அடுத்த கட்டத்திலேயே நின்றது.

மூச்சிரைக்க ஆற்றங்கரைக்கு ஓடி வந்தால், மனைவி அந்த வெள்ளைமுடி அம்மாளுக்குக் கையசைத்து விடைகொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேசினே அவங்ககிட்ட?"

"என் ஜெர்மனைப் பொறுமையா கேட்டாங்கங்க. சாயங்கால வகுப்புல டீச்சர்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. கொஞ்சம் பலகாரம் கொடுத்தேன்."

"வேற என்ன சொன்னே?"

"மியூனிக்ல இருக்கோம்னு சொன்னேன். கல்யாண நாள்னு சொன்னேன்."

"வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில இருக்குன்னும் சொல்லிட்டியா?"

பலகாரம் கொடுத்தேன் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. மூளை முழுவதும் பச்சைக் கார் நின்றிருந்தது. அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினேன். கிளம்பித் தெரு திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.

என் நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் என்னைத் துரத்தி ஓடிவந்தவர்கள் என்றால் தெருநாயும் ஒரு சீட்டுக்காரரும்தான். இது புது அனுபவம்.

நெடுஞ்சாலை ஏறிய கொஞ்ச நேரத்தில் மனைவி தூங்கிவிட்டாள். வயிற்றில் புளியோதரை, மனதில் கள்ளமில்லை. தூக்கத்துக்கு வேறென்ன வேண்டும்? சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். இரண்டு கார்களுக்குப் பின்னால் பச்சை. கிழவர் கதவைத் திறந்து இறங்கி, தொப்பியை ஆட்டியபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் கையில் அகப்பட்ட நோட்டைக் கொடுத்துவிட்டு, மீதியை வாங்காமல் பறந்தேன். நான் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தேன் என்றால் என் உறவினர்கள் இன்றுவரை நம்புவதில்லை.

ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் பின்னாலிருந்து விளக்கு பளிச் பளிச்சென்று அடித்தது. ஜெர்மன் சாலைகளில் அதற்கு ஒரே அர்த்தம்: ஒதுங்கு, நான் முந்த வேண்டும். ஒதுங்கினேன். அவர் முந்தவில்லை. மறுபடியும் அடித்தார். வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் முந்தவில்லை. வழி கேட்டுவிட்டு, விட்ட வழியில் போகாதவனை என்னவென்று நினைப்பது? இன்ஸ்ப்ரூக்கைத் தாண்டியபோது பச்சைக் கார் பக்கத்தில் வந்து என்னோடு சேர்ந்து ஓடியது. அந்த அம்மாள் ஜன்னலை இறக்கி, பளபளவென்று ஏதோ ஒன்றைத் தூக்கிக் காட்டினார். சாய்ந்த வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. துப்பாக்கி என்று முடிவு செய்தேன். மொட்டை நேர்ந்துகொண்டது அந்த இடத்தில்தான்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்துகொண்டேன். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் ரொட்டித் துண்டுகளுக்கு இடையே தக்காளி மாதிரி நான். அப்படியே எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்தோம். முதல் பெட்ரோல் நிலையத்தில் ஒரு போலீஸ் வண்டி நின்றது. ஜெர்மன் போலீஸைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட வெளிநாட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன். காரைத் திருப்பி அதன் அருகே நிறுத்தி, இறங்கி ஓடினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன், தெரியாத ஜெர்மன் எல்லாவற்றையும் போட்டு, "கேங்ஸ்டர், பச்சை, பின்னால்" என்று சொன்னேன். அந்த இளைஞரான போலீஸ்காரர் நிமிர்ந்தார். பச்சைக் கார் உள்ளே நுழைந்தது.

கேங்ஸ்டர் மெதுவாக இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் இறங்கி எங்களை நோக்கி வந்தார். கையில் துப்பாக்கி. அதாவது, எங்கள் எவர்சில்வர் சம்படம்.

 அந்த நொடியில்தான் 'கொஞ்சம் பலகாரம் கொடுத்தேன்' என்ற வார்த்தை காதிலிருந்து மூளைக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கொஞ்சம் என்றால் இரண்டு தட்டை. என் மனைவிக்குக் கொஞ்சம் என்றால் சம்படத்தோடு.

தூக்கம் கலைந்து இறங்கிய மனைவி, "என்னங்க, நம்ம சம்படம் இல்ல இது?" என்றாள்.

போலீஸ்காரர் அதை வாங்கித் திறந்தார். தட்டைகளை ஒதுக்கிக் கைக்குட்டையை விலக்கினார். நான்கு வளையல்களையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கிழவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். எல்லை தாண்டி வந்திருக்கிறாய், தங்கத்தை ஏன் பலகாரத்துக்கு அடியில் மறைத்து வைத்தாய் என்று கேட்டார். காலையிலிருந்து உலகத்தையே சந்தேகப்பட்டவனை இப்போது ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்; பத்து மணி நேரமாக நான் வைத்திருந்த பார்வை அது.

"திருடர்களுக்குப் பயந்து" என்றேன்.

எந்தத் திருடர்கள் என்று கேட்டார்.

 என் கண் அந்தப் பெரியவர் பக்கம் போய்த் திரும்பியதை மனைவி பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

மாலை வகுப்பு ஜெர்மனில் நிதானமாக விளக்கினாள். 'மைன் மான்', அதாவது என் கணவர், என்ற சொல் மட்டும் எனக்கு அடிக்கடி கேட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை போலீஸ்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் அவள் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். வருடக்கணக்காக வளையல் கிடந்த தடம் அதில் பதிந்திருந்தது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சோப்பு இல்லாமல் வளையல் ஏறாது. அந்த அம்மாள் தன் கைப்பையிலிருந்து க்ரீமை எடுத்து மனைவியின் கையில் பிதுக்கினார். திருவிழா வளையல்காரர் மாதிரி விரல்களைக் குவித்துப் பிடித்து, வலிக்காமல் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார். எங்கள் ஊரில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இந்த அம்மாள் ஆறு பவுன் போட்டுத் தந்தார்.

மன்னிப்பு என்பதற்கு ஜெர்மனில் எனக்கு ஒரே சொல்தான் தெரியும். அதை எத்தனை முறை சொன்னேன் என்று நினைவில்லை. பெரியவர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். "இவ்வளவு நல்லா கார் ஓட்டுறவரை அவர் பார்த்ததே இல்லையாம்" என்று மனைவி மொழிபெயர்த்தாள். பிறகு அவர் மறுபடியும் கையை நீட்டினார். இந்த முறை கேமராவைக் கொடுத்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் ஒரே படம் அதுதான். பின்னணியில் மலையும் இல்லை, மடமும் இல்லை. பெட்ரோல் பம்பும் போலீஸ்காரரின் முழங்கையும் இருக்கின்றன.

மொட்டை போட்டுவிட்டேன். சாலையில் பின்னாலிருந்து யாராவது விளக்கடித்தால், என்னிடம் எதையாவது கொடுக்க வருகிறாரோ என்றுதான் இப்போதெல்லாம் முதலில் நினைக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மூடியைத் திறந்து இரண்டு தட்டை எடுத்ததுமே, அந்தத் தம்பதி அடியிலிருந்த கைக்குட்டையையும் அதற்குள் வளையலையும் பார்த்துவிட்டார்கள். அன்று இரவு கிளாவ்சனில் தங்க அறை எடுத்திருந்தார்கள். எங்களிடம் வளையலைச் சேர்த்துவிட்டு, தட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வந்த வழியே இத்தாலிக்குத் திரும்பிப் போனார்கள்.