மார்லீனின் ஏழு நாள் திட்டம்

எங்கள் ஒஹாயோ முதியோர் இல்லத்தில் யாருக்கு என்றைக்கு லீவு என்று முடிவு செய்பவள் மார்லீன். ஃப்ளோரிடா தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போக எட்டு மாதமாகத் திட்டம் போட்டாள். அறுபது நாள் முன்பே, விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து, அந்தப் பார்க்கில் இளவரசி வேஷக்காரிகளோடு சாப்பிட ஆன்லைனில் மேஜை பிடித்தாள்.

"நான் எப்பம்மா தூங்குறது?" என்றான் புருஷன் டுவைட்.

"புதன்கிழமை ரெண்டு பத்துலேர்ந்து ரெண்டு நாப்பது வரைக்கும். திட்டத்துல போட்டிருக்கேன், பாரு."

கிளம்ப நாலு நாள் இருக்கையில் பயண வாரத்துக்கான லீவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். எனக்கும் லீவு கிடைத்திருந்தது.

"லீவுல உன் பேரு எங்கடி?" என்றேன்.

பதறிப்போய் விரல் வைத்துத் தேடினாள். லீவு கேட்டவர்களுக்குப் பதிலாக, வழக்கம்போல, ஏழு நாளும் வேலைக்குத் தன் பெயரையே போட்டிருந்தாள்.