அறுபத்திரண்டு கிராம் மவுஸும் பிலோமினாவின் மணிக்கட்டும்

பிலோமினாவிடமிருந்து போன் வந்தபோது, நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் முதலாளி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'எடை குறைந்த வயர்லெஸ் கேமிங் மவுஸ். இரண்டு சாம்பிள் சோதித்தேன். நன்றாக இருக்கிறது. ஸ்டாக் வாங்கலாம்.' ரிப்போர்ட் அவ்வளவுதான்.

"அண்ணா, நீங்க குடுத்த மவுஸு நின்னு நின்னு போவுது. திடீர்னு எங்கியோ குதிக்கிது."

"சார்ஜ் இருக்குதாம்மா?"

"ஃபுல்லா இருக்குதுண்ணா."

"கை ஏதாச்சும் நடுங்குதா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இல்லண்ணா. ஓனர் பக்கத்துலயே நின்னுகினு இருக்காரு. மூணு மணிக்கு பார்ட்டி வந்துருவாங்க. ஜல்தி வாங்கண்ணா" என்றாள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "ஆர்டர் மெயில் அனுப்பிடட்டுமா?"

"சாயந்திரம் அனுப்பலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். காரணம் சொல்லவில்லை.

சாம்பிள் வந்த கதை

விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருடமாக சர்வீஸ் இன்ஜினியர் நான். புதுப் பொருள் எது வந்தாலும் முதலில் என் மேசைக்கு வரும். இந்த மவுஸைப் பக்கத்து ஸ்வீட் ஸ்டால் தராசில் வைத்தேன். அறுபத்திரண்டு கிராம். நாங்கள் வழக்கமாக விற்பதில் பாதிதான் இருக்கும். கேம் ஆட எனக்கு வராது. அதனால் கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து வட்டம் வட்டமாக வரைந்து பார்த்தேன். வேகமாக இழுத்தாலும் கோடு உடையவில்லை. கிளிக் சுத்தம். மூன்று நாள் சார்ஜ் போடாமல் ஓடியது.

பிலோமினா திண்டிவனத்தில் நான் சர்வீஸுக்குப் போகும் பிளெக்ஸ் பேனர் பிரஸ்ஸில் டிசைனர். பைபாஸில் ஸ்கூட்டி விழுந்து, வலது மணிக்கட்டில் பிளேட் வைத்து, நான்கு மாதம் வீட்டில் இருந்தவள். திரும்ப வேலைக்கு வந்தபோது ஓனர், "ஒரு வாரம் பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். பழைய மவுஸைப் பிடித்தால் மதியத்துக்குள் கை வீங்கிவிடுகிறது என்று என்னிடம் சொன்னாள். கேம் ஆடுகிறவர்கள் மணிக்கணக்கில் கை வலிக்காமல் ஆட வேண்டும் என்றுதான் இந்த எடையில் செய்கிறார்கள். இவளுக்கும் உதவுமே என்று இரண்டாவது சாம்பிளைக் கொடுத்தனுப்பினேன். ஓனர் அவளுக்குக் கொடுத்த ஒரு வாரத்தில் அன்று நான்காவது நாள்.

திண்டிவனத்தில்

அன்று அமாவாசை. பாதி பஸ்ஸை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நின்றுகொண்டே போனேன். கூட்டேரிப்பட்டில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அவள் மறுபடி போன் செய்வாளோ என்று செல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பிரஸ்ஸுக்குள் நுழையும்போது மணி ஒன்றாக ஐந்து நிமிடம். வேலை ஒரு கல்யாண ரிசப்ஷன் பேனர். சொந்தக்காரர்கள் முப்பத்திரண்டு பேரின் முகத்தைப் போட்டோவிலிருந்து ஓரம் வெட்டி எடுக்க வேண்டும். பாயிண்டர் ஒருமுறை குதித்தால் காது போய்விடும். காலையிலிருந்து ஒன்பது முகம்தான் முடிந்திருந்தது.

ஓனர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "மவுஸு மேல பழி போட்டுக்கினு இருக்குது சார் இந்தப் பொண்ணு. கைதான் சார் பிராப்ளம். பாண்டிச்சேரில ஒரு ஆளு ரெடியா இருக்கான். போன் போட்டா வந்துருவான். நானும் எவ்ளோ நேரம் பாக்கறது?"

பிலோமினா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்து மவுஸை ஓட்டினேன். ஐந்து நிமிடம் ஓட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் ஓனர். அவர் கை செல்லுக்குப் போனது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. மவுஸ் நன்றாக இருக்கிறது. என் ரிப்போர்ட் தப்பில்லை. எழுந்து போயிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"அண்ணா, சும்மா ஓட்டுனா வராது" என்றாள் பிலோமினா. "ஹார்ட் டிஸ்க்ல இருந்து போட்டோ லோட் ஆவும்போது ஓட்டிப் பாருங்க."

அவளே போல்டரைத் திறந்தாள். டேபிள் மேல் அன்று காலை புதிதாக இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கின் விளக்கு மின்ன ஆரம்பித்தது. பாயிண்டர் நின்றது. பிறகு ஸ்கிரீனின் மறுகோடிக்குத் தாவியது.

டேபிளுக்கு அடியில் குனிந்தேன். சி.பி.யு.வின் பின்பக்கம் ஹார்ட் டிஸ்க் கேபிளும், மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி ரிசீவரும் ஒட்டி ஒட்டிச் செருகியிருந்தன. சுற்றிலும் இரும்புத் தகடு. வேகமான ஹார்ட் டிஸ்க் ஓடும்போது பக்கத்திலிருக்கும் வயர்லெஸ் சிக்னலைக் கெடுக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ரிசீவரைத் தள்ளி வைக்கத்தான் மவுஸ் பெட்டிக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வைத்திருந்தார்கள். தேவைப்படாது என்று அதை என் டிராயரில் போட்டுவிட்டு, வெறும் மவுஸைக் கொடுத்திருந்தேன்.

எதிர் மொபைல் கடைக்கு ஓடினேன். ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கி வந்து, ரிசீவரை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். மறுபடி போட்டோ லோட் செய்யச் சொன்னேன். பாயிண்டர் வழுக்கிக்கொண்டு போனது.

ஓனர் காதில் செல் இருந்தது. "சார், போனை வைங்க" என்றேன். "இந்தப் பொண்ணு கையில ஒரு கோளாறும் இல்ல. தப்பு என்னுது. கூட குடுக்க வேண்டியத குடுக்காம உட்டுட்டேன்."

"இத காலைலயே சொல்லக்கூடாதா சார்?"

"இந்தப் பொண்ணு காலைலருந்து சொல்லிக்கினுதான் இருந்துது சார். நாமதான் கேக்கல."

ஒன்றரை மணி. இருபத்து மூன்று முகம் பாக்கி. நான் போகவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு போட்டோவாகப் பெயர் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நடுவில் இரண்டு முறை அவள் மவுஸை விட்டுவிட்டு விரல்களை மடக்கி நீட்டினாள். ஓனர் வாசலுக்கும் மிஷினுக்கும் நடந்துகொண்டிருந்தார். மூன்று அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது பைல் பிரிண்டுக்குப் போனது. பார்ட்டி வந்தபோது மாப்பிள்ளை முகம் பாதி வெளியே வந்திருந்தது.

ஓனர் பாராட்டவெல்லாம் இல்லை. "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துரு. அந்த கேபிள கழட்டாத" என்றார். அடுத்த வாரமும் அவள் அங்கேதான் வேலை செய்தாள். இன்றும் அங்கேதான்.

ரிப்போர்ட்

பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"ஓனரு கையத்தான் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும்ணா. நீங்களும் போன்ல மொத மொதல்ல அதத்தான் கேட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.

விழுப்புரம் வந்ததும் ரிப்போர்ட்டைத் திரும்பக் கேட்டேன். "காலைல ஓகேன்னு எழுதற, சாயந்திரம் மாத்தற. என்னய்யா பேஜாரு ஒன்னோட?" என்று முதலாளி கத்தினார். ஆனாலும் மாற்றி எழுதினேன். மவுஸ் நல்ல மவுஸ்தான், ஆனால் ரிசீவரை எங்கே செருக வேண்டும் என்று சொல்லாமல் ஒன்றுகூட விற்கக் கூடாது என்று எழுதினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் மேசை சுத்தமாக இருக்கும், அதில் எல்லாம் ஓடும். வாங்குகிறவரின் மேசையில் அவருடைய ஹார்ட் டிஸ்க்கும் இரும்புத் தகடும் அவசரமும் இருக்கும். பொருளை அங்கே வைத்துச் சோதியுங்கள். ஓடவில்லை என்று ஒருவர் போன் செய்தால், 'எப்போ நிக்குது?' என்று கேளுங்கள். கையைப் பற்றிக் கேட்காதீர்கள்.