எந்தப் பரவாயில்லை?

நாடகம் எழுதுவது ஒரு தொழில் என்றால், அதைப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்னதற்கு அர்த்தம் தேடுவது அதைவிடப் பெரிய தொழில். கையெழுத்துப் பிரதியோடு படியேறி இறங்கிய என் இனத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் பெங்களூரில் ஆபீசுக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று தமிழ் நாடக மன்றங்கள் இருந்தன. அவர்களுக்கான நாடகப் புத்தகங்களைச் சிக்கப்பேட்டையில் முதலியார் ஒருவர் அச்சிட்டு விற்றுவந்தார். பிரேசர் டவுனில் குடியிருந்த ஆபீஸ் டைப்பிஸ்டான எனக்கு ஒரே ஆசைதான். அவர் போடும் ஒரு புத்தகத்தின் அட்டையில் என் பெயர் வர வேண்டும்.

தீர்ப்பு

ஆபீசில் இருந்தது இங்கிலீஷ் மெஷின். என் கையெழுத்தோ எனக்கே புரியாது. அதனால் 'கல்யாணி' என்ற என் நாடகத்தை மனைவி கமலாதான் நகல் எடுத்துத் தந்தாள். அதைக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய் நின்றேன். முதலியார் கண்ணாடியைக் கழற்றி, "பரவாயில்லை" என்றார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.

நன்றாக இருக்கிறது என்றாரா, போனால் போகிறது என்றாரா? பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் பக்கத்து மேஜை ராமராவிடம் கேட்டேன். அவர் கன்னடக்காரர், நிதானமாக யோசித்தார்.

"நாங்களும் 'பரவாகில்லா'ன்னுதான் சொல்றது சார். எந்த அர்த்தம்னு எங்களுக்கும் கொத்தில்லா, தெரியாது."

வீட்டில் கேட்கிறார்கள்

மறுபடி போனேன். நானாகக் கேட்க வெட்கம். போடுவீர்களா மாட்டீர்களா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று பழியைக் கமலா மேல் போட்டேன். உடனே எனக்கு நாற்காலி கிடைத்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

போடலாம், ஆனால் பெண் பாத்திரம் கூடாதாம். மன்றங்களில் பெண் வேஷத்துக்கு ஆள் இல்லை, மீசையை எடுக்க ஒருவரும் சம்மதிப்பதில்லை. எல்லாக் காட்சியிலும் கல்யாணிதானே வருகிறாள் என்று முனகினேன்.

"கல்யாணி சமையல்கட்டுலயே இருக்கட்டும் சார். வீட்ல சொல்லி மாத்திக் கொண்டாங்க."

உள்ளே போனவள்

மாற்றினேன். மேடையில் இருந்த அத்தனை ஆண்களும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பேசினார்கள். கல்யாணி அழுவதைக்கூட மாமனார்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இது சோக நாடகமா, சிரிப்பு நாடகமா என்று எனக்கே குழப்பம். மூன்றாம் காட்சியை நகல் எடுக்கும்போது கமலா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவ எப்பதாங்க வெளிய வருவா?"

அட்டை

புத்தகம் வந்தது. 'கல்யாணி: பெண் பாத்திரமில்லா நாடகம்.' அதன் கீழே, 'ஆசிரியை: கமலா.'

நான் கடைக்கு ஓடினேன். முதல் பக்கத்தில் பெயர் போட்டுக்கொள்வது தலைக்கனமாகப் படும் என்று நான் விட்டிருந்தேன். நகல் எடுத்து முடித்த கையோடு கடைசிப் பக்கத்தில் கமலா கையெழுத்துப் போட்டிருந்தாள். பைண்டிங்கும் முடிந்துவிட்டது. முதலியார் உண்மையிலேயே வருந்தினார்.

"அம்மா எழுதினதை நீங்க கொண்டாந்து தர்றீங்கன்னுதானே சார் நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து அட்டையை நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் பெயரை ஒருமுறை படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லைங்க."

அது எந்தப் பரவாயில்லை என்று இன்றுவரை கேட்கத் துணியாததுதான் என் நாடக அனுபவத்தின் மொத்தக் கதை.