செம்மண் திடலில் ஓடிய நைட்ரோ வண்டி

அந்த எண்ணெயின் வாடை முதலில் மூக்கில் இனிக்கும், பிறகுதான் தொண்டையில் கசக்கும். விளக்கெண்ணெயைச் சுடு இரும்பில் ஊற்றி, அதன்மேல் நகப்பூச்சையும் கொட்டியதுபோல இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், குருபோங் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் தாமான் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் அது எங்கள் வீட்டு முன்வாசலிலிருந்து கிளம்பிக் கொடியில் காயும் துணிகள்வரை போய் ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒரு சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "இந்த வூட்ல ஊதுபத்தி கொளுத்துனாக்கூட எண்ணெ வாடதான்லா அடிக்குது" என்று முணுமுணுத்தபடி அதை மறுபடியும் தண்ணீரில் போடுவார்.

எல்லாம் குணா அண்ணனாலும் அவர் வண்டிக்கு ஊற்றிய அந்த எரியெண்ணெயாலும். டுரியான் துங்காலுக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு இங்கே வந்தோம். அப்பா "பேக்டரி பஸ்" ஓட்டினார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனார். நான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். தோட்டத்தில் அண்ணனோடு பந்து விளையாடிய இரண்டு பேர் டவுனில் ஏதோ கும்பலோடு சேர்ந்து போலீஸ் லாக்கப் வரைக்கும் போய்வந்திருந்தார்கள். அதனால் அண்ணன் வீடு திரும்பத் தாமதமானால் அப்பா சாப்பிடாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தொழிற்சாலையின் சீன மேற்பார்வையாளர் வேறு ஊருக்கு மாறிப்போனபோது, ரிமோட்டில் ஓடும் தன் பழைய நைட்ரோ பந்தய வண்டியை ஒரு பெட்டியில் போட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பாதான். "கண்ட பயலுங்களோட மோட்டர்சைக்கிள்ல சுத்துறதுக்கு, இங்கயே உக்காந்து இதக் கொடஞ்சிக்கிட்டு கெடக்கட்டும்" என்றார்.

அண்ணன் அப்படியே கிடந்தார். வண்டி ஒரு முழ நீளம், முள்முள்ளான நான்கு டயர், நடுவில் கைக்குள் அடங்கும் நிஜ இயந்திரம். கயிற்றைச் சுண்டி இழுத்தால் அது தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரத்தைவிடக் கீச்சென்று கத்தும். அதை ஓட்டுவதைவிட ஓடத் தயார்செய்வதில்தான் அண்ணனுக்கு நேரம் போனது. பற்சக்கரங்கள் இரண்டும் உரசாமல் பொருந்துவதற்கு நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்குவார். பின்சக்கரம் துள்ளினால் அதிர்வு தாங்கும் குழாயைப் பிரித்துக் கெட்டியான எண்ணெய் மாற்றுவார். பிறகு "ஊசி". எண்ணெயும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சின்னத் திருகாணி அது. கொஞ்சம் திறந்தால் வண்டி நீலப் புகையைக் கக்கிக்கொண்டு சோம்பலாக நகரும். கொஞ்சம் மூடினால் பறக்கும். இன்னும் கொஞ்சம் மூடினால் சூடேறி இயந்திரமே போய்விடும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்துக்கு ஒரு அளவு, வெயில் காய்ந்த சாயங்காலத்துக்கு வேறு அளவு. இயந்திரத்தின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எப்படிக் கொதித்து மறைகிறது என்று நாங்கள் இருவரும் குனிந்து பார்ப்போம். அவர் தலையசைத்தால்தான் நான் மூச்சு விடுவேன்.

வண்டி ஓடியது தாமானை அடுத்த செம்மண் திடலில். கடைகள் கட்டுவதற்காக மண்ணைத் தள்ளிச் சமன்படுத்தி, ஏனோ அப்படியே விட்டிருந்த இடம். மஸ்ஜித் தானாவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் ஜெயன் தன் அப்பாவின் காரில் இன்னும் நல்ல வண்டி ஒன்றோடு வருவார். இருவரின் ரிமோட்டும் ஒரே அலைவரிசை. அதனால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தன் ரிமோட்டின் சுவிட்சைத் தட்டக்கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. தட்டினால் ஓடும் வண்டி யார் சொல்லையும் கேட்காது.

அன்றைக்கு வேலிப் பக்கமாகத் தாமான் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பக்கத்து வீட்டுச் சரசு அத்தையின் மகள் கஸ்தூரி சின்னவள். அந்த வருஷம்தான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அண்ணனின் வண்டி நீண்ட பக்கத்தில் முழு வேகம் பிடித்தது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. சத்தம் குறையாமல், பார்த்த திசையிலேயே வேலியை நோக்கிப் போனது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று அண்ணன் ரிமோட்டை உதறிக்கொண்டே கத்தினார். பிள்ளைகள் சிதறினார்கள். கஸ்தூரி மட்டும் வண்டி தன்னிடம் வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான் திரும்பியபோது ஜெயன் காரின் பின்பக்கம் நின்றிருந்தார். அவர் கையில் ரிமோட் இருந்தது, அதன் ஏரியல் கம்பி நீட்டியிருந்தது.

அண்ணன் கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா தொழிற்சாலைப் பேருந்திலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில் சரசு அத்தை யாரையும் ஏசவில்லை. "புள்ளய வேடிக்க பாக்கத்தான்லா அனுப்புனேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா அண்ணனிடம், "ரிமோட் யாரு கையில இருந்துச்சு?" என்று கேட்டார்.

"என் கையிலதான்பா."

"இல்லப்பா, ஜெயன் அண்ணன் அவங்க ரிமோட்ட தட்டிட்டாங்க. நான் பாத்தேன்" என்றேன் நான்.

"நீ வாய மூடு தேவி." அண்ணன் அதற்கு முன்பு என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. "வண்டி என்னோடது. நாந்தான் ஓட்டுனேன்."

ஜெயன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதன்பின் எங்கள் தாமான் பக்கமே வரவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட காலோடு கஸ்தூரி வீடு திரும்பினாள். அவள் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது, அண்ணன் காலையில் அவளை வீட்டிலிருந்து பள்ளி வேன்வரைக்கும் கைகளில் தூக்கிக்கொண்டு போவார். இரவு ஷிப்ட் முடித்து வந்தால்கூட முகம் கழுவிவிட்டு அவள் வீட்டுக் கேட்டில் போய் நிற்பார். சரசு அத்தை பிள்ளையைக் கொடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். கஸ்தூரி மட்டும் அவர் தோளில் சாய்ந்துகொண்டு ஓயாமல் பேசுவாள். "அண்ணே, காடி எங்க? செத்துப் போச்சா? ஒருவாட்டி சத்தம் போட வைங்கண்ணே." அண்ணன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அவள் விடவில்லை.

ஒரு சாயங்காலம், அவள் எங்கள் வாசலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் வண்டியை எடுத்துவந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்து, சக்கரங்கள் தரையில் படாதபடி அதன்மேல் வைத்தார். கயிற்றை இழுத்தார். இயந்திரம் புகைந்து, இருமி, கத்தியது. கஸ்தூரி கைதட்டினாள். அண்ணன் பழக்கத்தில் ஊசியைத் திருகப் போனார். திருப்புளி அதன் தலையில் நிற்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சரசு அத்தை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "நிறுத்துடா! டேய் குணா, நிறுத்துடா!" அண்ணன் எண்ணெய்க் குழாயை விரலால் நெரித்தார். இயந்திரம் ஒரு கணம் இன்னும் உச்சமாகக் கத்திவிட்டு நின்றது. அத்தை கஸ்தூரியை வாரி எடுத்துக்கொண்டு போனார். கஸ்தூரி அழுதுகொண்டே போனாள், வண்டி வேண்டும் என்று.

அந்த வாரமே அண்ணன் வண்டியைத் துண்டுதுண்டாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் துடைத்து, தொழிற்சாலைக்கு எடுத்துப்போய்க் கழிவிரும்புத் தொட்டியில் போட்டுவிட்டார். அப்பா மறுபடியும் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அண்ணன் எங்கும் போகவில்லை. வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் அப்படித்தான் இருந்தார்.

கஸ்தூரியின் கால் கூடியது. ஆனால் அவசரமாக நடந்தால் இன்றும் அந்தக் கால் சற்று வெளியே விலகி விழும். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

சென்ற வருஷம் அம்மாவைப் பார்க்க நானும் அண்ணனும் ஒன்றாகப் போனோம். செம்மண் திடல் இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கடைகள். ஒரு டயர் கடை, ஒரு மினி மார்க்கெட், மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்று. இப்போது பிள்ளைகள் ஓட்டுவதெல்லாம் பேட்டரி வண்டி. வாடையும் கிடையாது, புகையும் கிடையாது. மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்ததை நான் கேட்டேன். ஜெயன் பெயரை அன்றைக்கு ஏன் சொல்லவிடவில்லை?

அண்ணன் தம்ளரை மேசையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவன் கையில ரிமோட் இருந்துச்சு, சரி. அத தட்டுனானான்னு நீ பாத்தியா?"

நான் பார்த்தது நீட்டிய கம்பியைத்தான்.

"வண்டிக்குள்ளயும் சின்ன பேட்டரி இருக்கும்லா. அது எறங்கிப்போனாலும் வண்டி அப்படித்தான் ஓடும், சொல்லு கேக்காது. அன்னைக்கு நான் ஷிப்ட் முடிஞ்ச கையோட வண்டிய எடுத்துக்கிட்டு தெடலுக்கு வந்துட்டேன். முந்துன நாளு அத சார்ஜ் போட்டேனா இல்லியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரல."

"கழட்டுனப்ப பாத்திருக்கலாமேண்ணே. பேட்டரில கரண்ட் இருக்கா இல்லியான்னு."

"பாத்திருக்கலாம்" என்றார். "கையில எடுத்தேன். பயமா இருந்துச்சு. அப்படியே தொட்டியில போட்டுட்டேன்."